ஈரம் காயாத சாக்லேட் கேரட் கேக்: காரணம் தெரிந்தால் கை தவறாது

பெருநாளைக்கு, குர்ஆன் ஓதி முடித்த பிள்ளையை மகிழ்விக்க, வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வரும் மகனை வரவேற்க என்று நம் வீடுகளில் இப்போது கேக்குக்கும் ஓர் இடம் வந்துவிட்டது. வட்டிலப்பமும் தம்ரூட்டும் இருக்கும் சகனுக்குப் பக்கத்தில் கேக் தட்டும் இருக்கிறது. அதோடு இரண்டு கேள்விகளும் வந்திருக்கின்றன. கடையில் வாங்கும் கேக்கில் என்னென்ன சேர்க்கிறார்கள் என்பதை எப்படி அறிவது? வீட்டிலேயே செய்தால் ஏன் காய்ந்த ரொட்டி மாதிரி வருகிறது?

இரண்டாவது கேள்வியை நாம் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மாதச் செலவை எண்ணி எண்ணிச் செய்யும் வீட்டில் இரண்டு முட்டை, ஒரு டம்ளர் எண்ணெய், கோக்கோ, சர்க்கரை எல்லாம் ஒரே மாலையில் வீணானால் அது சிறிய நஷ்டம் அல்ல. அடுத்த முறை செய்யலாம் என்று சொல்லவே அந்தப் பெண் தயங்குவாள். 'உனக்கு இது வராது' என்று வீட்டில் யாராவது ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், கேக் செய்து நாலு காசு சம்பாதிக்கலாம் என்று நினைத்திருந்த எண்ணமும் அதோடு போய்விடும். உண்மையில் கேக் என்பது கைராசி அல்ல. ஒவ்வொரு படியிலும் எதை ஏன் செய்கிறோம் என்று தெரிந்தால் முதல் தடவையிலேயே நன்றாக வரும்.

இதற்கு நல்ல உதாரணம் சாக்லேட் கேரட் கேக். புதிதாகக் கற்பவர்களின் சிறு பிழைகளைப் பொறுத்துக்கொள்ளும் கேக் இது. ஏன் என்று முதலில் பார்ப்போம்.

கேக் ஏன் காய்கிறது?

கேக்கின் ஈரத்தை நான்கு விஷயங்கள் தீர்மானிக்கின்றன.

முதலாவது, கொழுப்பு. வெண்ணெயில் ஐந்தில் நான்கு பங்குதான் கொழுப்பு. மீதியில் பெரும்பகுதி தண்ணீர். அந்தக் கொழுப்பும் குளிர்ந்தால் உறைந்துவிடும். அதனால்தான் வெண்ணெய்க் கேக்கை ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்தால் வாயில் கெட்டியாகத் தெரிகிறது. எண்ணெய் உறைவதில்லை. சூரியகாந்தி எண்ணெய் போல வாசனை இல்லாத எண்ணெயில் செய்த கேக் மூன்றாம் நாளும் மிருதுவாக இருக்கும். நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் இதற்கு வேண்டாம். அவற்றின் வாசனை கோக்கோவை அமுக்கிவிடும்.

இரண்டாவது, கேரட். கேரட்டின் எடையில் 85 விழுக்காட்டுக்கும் மேல் தண்ணீர். 200 கிராம் துருவலைச் சேர்த்தால் முக்கால் டம்ளருக்கும் மேல் தண்ணீரைச் சேர்த்த மாதிரி. அதே அளவு தண்ணீரை நேராக ஊற்றினால் மாவு நீர்த்துப் போகும். கேரட்டுக்குள் இருக்கும்போது அது சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளியே வரும். வெந்து முடித்த பிறகும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். இன்னொன்றையும் கவனியுங்கள். கோக்கோத் தூள் தண்ணீரை இழுத்துக்கொள்ளும் பொருள். வெறும் சாக்லேட் கேக் சீக்கிரம் காய்வதற்கு அதுவும் ஒரு காரணம். கோக்கோ தண்ணீரைக் குடிக்கும், கேரட் தண்ணீரைக் கொடுக்கும். இந்த இரண்டும் சேர்ந்தால் கேக் நன்றாக வருவதற்குக் காரணம் இதுதான்.

மூன்றாவது, சர்க்கரை. சர்க்கரையின் வேலை இனிப்பு மட்டும் அல்ல. ஈரத்தைப் பிடித்து வைப்பதும் அதன் வேலை. 'உடம்புக்கு நல்லது' என்று சர்க்கரையைப் பாதியாகக் குறைத்தால் கேக் இனிப்பும் குறைந்து, காய்ந்தும் போகும். இனிப்பைக் குறைக்க வேண்டுமென்றால் வேறு வழி இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறோம்.

நான்காவது, நம் கை. பரோட்டாவுக்கு மைதாவை அடித்துப் பிசைவது எதற்காக? இழுவை வருவதற்காக. மைதாவும் தண்ணீரும் சேர்ந்து கலக்கக் கலக்க அந்த இழுவை கூடும். பரோட்டாவுக்கு வேண்டிய இழுவை கேக்குக்கு ஆகாது. மைதா சேர்த்த பிறகு 'கட்டி இல்லாமல் இருக்கட்டும்' என்று ஐந்து நிமிடம் அடிப்பவர்களின் கேக்தான் ரப்பர் போல வருகிறது.

கேரட்டில் இனிப்பு புதிதல்ல

கேக்கில் காய்கறியா என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்கலாம். கேரட் அல்வாவை ஏற்றுக்கொண்ட நாக்கு இதையும் ஏற்றுக்கொள்ளும். 12-ம் நூற்றாண்டில் ஸ்பெயினின் செவில் நகரில் வாழ்ந்த வேளாண் அறிஞர் இப்னுல் அவ்வாம், தம் காலத்தில் விளைந்த சிவப்புக் கேரட்டையும் மஞ்சள் கேரட்டையும் பற்றி எழுதியிருக்கிறார். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனில் 1940 ஜனவரியில் சர்க்கரைக்கு ரேஷன் வந்தது. அப்போது இனிப்புப் பண்டங்களில் கேரட்டைச் சேர்த்துச் செய்யும்படி அந்நாட்டு அரசே மக்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. கேரட் கேக் பின்னால் பரவலானதற்கு அந்தக் காலமும் ஒரு காரணம்.

நமக்கு நீலகிரிக் கேரட் பெரும்பாலும் ஆண்டு முழுவதும் கிடைக்கிறது. நடுத்தர அளவில், கையில் கனமாக, ஒடித்தால் 'டக்' என்று ஒடிவதாகப் பார்த்து வாங்குங்கள். வாடி வளைந்த கேரட்டில் தண்ணீர் குறைவு. மிகவும் பெரிய கேரட்டின் நடுத்தண்டு நார் போல இருக்கும்.

வாங்கும்முன் லேபிளைப் படியுங்கள்

வீட்டில் செய்வதன் பெரிய லாபம், உள்ளே என்ன போகிறது என்று நமக்குத் தெரிவது. ஆனால் நாம் வாங்கும் பொருள்களிலும் கவனம் வேண்டும்.

நம் நாட்டில் பச்சைப் புள்ளி போட்ட உணவுப் பொட்டலத்தில் பாலும் தேனும் போன்றவை தவிர, விலங்கிலிருந்து எடுத்த எதையும் சேர்க்கக் கூடாது. எனவே பச்சைப் புள்ளி உள்ள சீஸிலும் க்ரீமிலும் விலங்கு ஜெலட்டின் இருக்காது; சீஸ் திரிப்பதற்கு விலங்கின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னட்டும் இருக்காது. நமக்கு இது உதவியான அடையாளம்தான். ஆனால் முட்டை சேர்த்த பொருளுக்கும் பழுப்பு முக்கோணம்தான் போடுவார்கள். அதனால் பழுப்பு முக்கோணத்தைப் பார்த்தவுடன் ஆகாது என்றும் சொல்ல முடியாது. பச்சைப் புள்ளியைப் பார்த்தவுடன் எல்லாம் சரி என்றும் சொல்ல முடியாது. ஆல்கஹால் உண்டா இல்லையா என்பதைப் பச்சைப் புள்ளி சொல்லாது.

கவனிக்க வேண்டியவை இவை:

ஜெலட்டின்: விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது. எந்த விலங்கு, எப்படி அறுத்தது என்று தெரியாதபோது தவிர்ப்பதே நல்லது. அதற்குப் பதில் நமக்குக் கடல்பாசி இருக்கிறது. நோன்புக் காலத்தில் பாலில் காய்ச்சி ஊற்றுகிறோமே, அதேதான். லேபிளில் ஐ.என்.எஸ். 406 என்று இருந்தால் அது கடல்பாசி.

ஐ.என்.எஸ். 120: கார்மைன் என்ற சிவப்பு நிறம். ஒரு வகைப் பூச்சியிலிருந்து எடுப்பது.

ஐ.என்.எஸ். 471: கொழுப்பிலிருந்து எடுக்கும் பொருள். தாவரக் கொழுப்பாகவும் இருக்கலாம், விலங்குக் கொழுப்பாகவும் இருக்கலாம். பச்சைப் புள்ளி இருந்தால் தாவரம்தான்.

எசென்ஸ்: வெனிலா எசென்ஸ் சிலவற்றில் ஆல்கஹால்தான் கரைப்பான். ஆல்கஹால் இல்லை என்று எழுதியதும், வெனிலா பவுடரும் கடையில் கிடைக்கின்றன. இரண்டும் கிடைக்காவிட்டால் ஏலக்காய்ப் பொடி போதும். கோக்கோவோடு அதுவும் நன்றாகச் சேரும். ரம் எசென்ஸ் நமக்குத் தேவையே இல்லை. எசென்ஸ் குறித்து மார்க்கச் சந்தேகம் இருந்தால் உங்கள் பள்ளிவாசல் இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சாக்லேட்: கட்டியாக விற்கும் சமையல் சாக்லேட்டில் பல 'காம்பவுண்ட்' வகை. கோக்கோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு சேர்த்தது. விலை குறைவு, உருக்குவது எளிது. மேற்பூச்சுக்கு அதையே பயன்படுத்தலாம். சுவை மட்டும் சற்றுக் குறையும்.

தேவையான பொருள்கள்

கப் கணக்கு வீட்டுக்கு வீடு மாறும். ஒரே கப்பில் மைதாவை லேசாகப் போட்டால் 120 கிராம். அழுத்தி அள்ளினால் 150 கிராமையும் தாண்டும். கேக் காய்வதற்கு இந்த 30 கிராமே போதும். அதனால் எடையில் தருகிறோம். சின்ன எடைத் தராசு ஒன்று வீட்டில் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் மளிகைக் கடையிலேயே தனித்தனியாக நிறுத்துத் தரச் சொல்லி வாங்கலாம். 8 அங்குல டின்னுக்கு அளவு இது:

மைதா 160 கிராம்
இனிப்பு சேர்க்காத கோக்கோத் தூள் 40 கிராம்
பேக்கிங் பவுடர் 1 தேக்கரண்டி
சமையல் சோடா அரைத் தேக்கரண்டி
உப்பு கால் தேக்கரண்டி
பட்டைப் பொடி அரைத் தேக்கரண்டி
பொடித்த சர்க்கரை 200 கிராம்
முட்டை 2
எண்ணெய் 150 மி.லி.
கெட்டித் தயிர் 100 கிராம்
தோல் சீவித் துருவிய கேரட் 200 கிராம்
வெனிலா 1 தேக்கரண்டி அல்லது ஏலக்காய்ப் பொடி கால் தேக்கரண்டி
விருப்பமானால் உடைத்த முந்திரி 50 கிராம்

தயிர் புளிப்புக்காக அல்ல. சோடா வேலை செய்யப் புளிப்பு ஒன்று வேண்டும். தயிரும் சாதாரணக் கோக்கோவும் அந்தப் புளிப்பைத் தருகின்றன. அதனால் தயிரை விட்டுவிட்டுப் பால் ஊற்றக் கூடாது. முட்டை சாப்பிடாதவர்களுக்கு என்றால் இரண்டு முட்டைக்குப் பதில் இன்னும் 100 கிராம் தயிரும் ஒரு மேசைக்கரண்டி எண்ணெயும் சேர்க்கலாம். கேக் சற்று அழுத்தமாக வரும். வேக ஐந்து நிமிடம் கூடுதலாக ஆகும்.

பேக்கிங் பவுடர் பழசா என்று சந்தேகமா? அரைத் தேக்கரண்டியைச் சூடான தண்ணீரில் போடுங்கள். பொங்கி நுரைத்தால் நல்லது. சும்மா கரைந்தால் கீழே கொட்டிவிடுங்கள். சோடாவை எலுமிச்சைச் சாற்றில் போட்டுப் பாருங்கள். இந்த ஒரு நிமிடச் சோதனை ஒரு கேக்கையே காப்பாற்றும்.

செய்முறை

1. முட்டையையும் தயிரையும் ஒரு மணி நேரம் முன்பே ஃப்ரிட்ஜிலிருந்து வெளியே எடுத்து வையுங்கள். குளிர்ந்த முட்டை எண்ணெயோடு சரியாகக் கலக்காது.

2. டின்னின் உள்ளே எண்ணெய் தடவி, அடியில் பட்டர் பேப்பரை வெட்டிப் போடுங்கள். அவனை 170 டிகிரி செல்சியஸில் 15 நிமிடம் சூடாக்குங்கள். மாவு தயாரான பிறகு அவனைப் போட்டால், அது சூடாவதற்குள் சோடா தன் வேலையை முடித்துவிடும்.

3. மைதா, கோக்கோ, பேக்கிங் பவுடர், சோடா, உப்பு, பட்டைப் பொடி எல்லாவற்றையும் சேர்த்து இரண்டு தடவை சலியுங்கள். கோக்கோ கட்டி விழும் பொருள். சோடாவும் ஒரே இடத்தில் தங்கிவிட்டால் அந்தத் துண்டு சோப்பு மாதிரி இருக்கும்.

4. முட்டையையும் சர்க்கரையையும் நிறம் வெளுத்து நுரைக்கும்வரை இரண்டு, மூன்று நிமிடம் அடியுங்கள். அடிக்க வேண்டியதெல்லாம் இந்தக் கட்டத்தில்தான். பிறகு எண்ணெயைக் கம்பி போல ஊற்றிக்கொண்டே அடியுங்கள். தயிரும் வெனிலாவும் சேருங்கள்.

5. கேரட்டை இப்போதுதான் துருவ வேண்டும். துருவியின் சிறிய கண்ணில் துருவுங்கள். பெரிய கண்ணில் துருவினால் இழை இழையாக வாயில் தட்டும். மிக்ஸியில் அரைத்தால் கூழாகித் தண்ணீர் மொத்தமும் ஒரேயடியாக வெளியே வந்துவிடும். துருவலைப் பிழியவும் வேண்டாம், முன்கூட்டியே சர்க்கரையோடு கலந்து வைக்கவும் வேண்டாம். சர்க்கரை அதன் தண்ணீரை இழுத்துவிடும்.

6. சலித்த மாவை இரண்டு பங்காகச் சேர்த்து, அகப்பையால் கீழிருந்து மேலாகப் புரட்டிப் புரட்டிக் கலக்குங்கள். வெள்ளை மாவு கண்ணுக்குத் தெரியாமல் போனதும் நிறுத்திவிடுங்கள். கேரட்டையும் முந்திரியையும் போட்டு நாலைந்து முறை புரட்டினால் போதும். மாவு இட்லி மாவைவிடச் சற்றுக் கெட்டியாக இருக்கும். பார்த்துப் பயந்து தண்ணீர் ஊற்ற வேண்டாம். மீதித் தண்ணீரைக் கேரட் அடுப்பில் கொடுக்கும்.

7. டின்னில் ஊற்றி உடனே அவனில் வையுங்கள். 30 நிமிடம் கதவைத் திறக்காதீர்கள். 38-வது நிமிடத்தில் நடுவில் ஒரு குச்சியைக் குத்திப் பாருங்கள். ஈர மாவு ஒட்டினால் இன்னும் வேக வேண்டும். இரண்டு மூன்று ஈரத் துணுக்கு மட்டும் ஒட்டினால் இறக்கும் நேரம். குச்சி மொட்டையாக, காய்ந்து வந்தால் நேரம் கடந்துவிட்டது என்று பொருள். பெரும்பாலும் 40 முதல் 45 நிமிடத்திற்குள் வெந்துவிடும்.

8. டின்னிலேயே 15 நிமிடம் ஆறவிடுங்கள். பிறகு கவிழ்த்துக் கம்பித் தட்டில் வையுங்கள். டின்னிலேயே விட்டால் ஆவி அடியில் தங்கிச் சதசதவென்று ஆகிவிடும். பூச்சுப் பூசும்முன் இரண்டு மணி நேரமாவது ஆற வேண்டும்.

அவன் இல்லாத வீட்டில்

அவன் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். நம் பாட்டிமார் தம்ரூட்டை எப்படி வேகவைத்தார்கள்? சட்டிக்கு அடியில் தணல், மூடியின் மேலும் தணல். இன்றைய அவனில் மேலும் கீழும் கம்பி சிவந்து செய்யும் வேலையும் அதுதான்.

அடிகனமான பழைய பாத்திரம் ஒன்றை எடுங்கள். உள்ளே ஒரு ஸ்டாண்டு வையுங்கள். நன்றாக மூடும் தட்டால் மூடி, நடுத்தரத் தீயில் 10 நிமிடம் சூடாக்குங்கள். தண்ணீர் ஊற்றக் கூடாது. மாவு டின்னை ஸ்டாண்டின்மேல் வைத்து, தீயை மிகவும் குறைத்து, 50 முதல் 60 நிமிடம் வேகவிடுங்கள். டின் பாத்திரத்தின் அடியையும் பக்கத்தையும் தொடக் கூடாது. தொட்டால் அந்த இடம் கருகும். மூடியிலிருந்து நீர் சொட்டாமல் இருக்க மூடியின் உட்புறம் ஒரு துணியைக் கட்டலாம். துணியின் நுனி தீயின் பக்கம் தொங்காதபடி மூடியின்மேல் இழுத்து முடிச்சுப் போடுங்கள். குக்கரைப் பயன்படுத்துபவர்கள் ரப்பர் வளையத்தையும் விசிலையும் கட்டாயம் கழற்றிவிட வேண்டும். இதில் கவனக்குறைவு கூடாது. அடுப்பைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டுப் போகவும் கூடாது.

இப்படிச் செய்யும் கேக்கின் மேற்பக்கம் அவனில் வருவது போல நிறம் ஏறாது. கோக்கோ கேக் என்பதால் அது தெரியவும் தெரியாது. மேலே பூச்சு வேறு இருக்கிறது.

மேற்பூச்சு: இரண்டு வழி

கேரட் கேக்குக்கு வழக்கமாகப் போடும் ஃப்ராஸ்டிங் க்ரீம் சீஸில் செய்வது. அதன் லேசான புளிப்பு கேக்கின் இனிப்பைச் சமன் செய்யும். க்ரீம் சீஸ் 200 கிராம், மிருதுவான வெண்ணெய் 60 கிராம், ஐசிங் சர்க்கரை 80 கிராம், கோக்கோ 20 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் வெண்ணெய், சர்க்கரை, கோக்கோ மூன்றையும் கட்டியில்லாமல் அடியுங்கள். பிறகு ஃப்ரிட்ஜிலிருந்து அப்போதுதான் எடுத்த க்ரீம் சீஸை மூன்று பங்காகச் சேர்த்து, சேர்ந்து வரும்வரை மட்டும் அடியுங்கள். அதிகம் அடித்தால் நீர்த்துவிடும். நீர்த்தால் சர்க்கரையைக் கொட்டாதீர்கள். அது இன்னும் இளகும். அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்தால் இறுகிவிடும்.

நம் ஊர் வெயிலில், மின்விசிறிக்குக் கீழே விருந்து வைக்கும் வீட்டில் க்ரீம் சீஸ் பூச்சு நிற்காது. அதற்குக் கனாஷ் ஏற்றது; செலவும் பெரும்பாலும் குறைவு. டார்க் சாக்லேட் 150 கிராமைப் பொடியாக நறுக்கிக்கொள்ளுங்கள். ஃப்ரெஷ் க்ரீம் 120 மி.லி. எடுத்து, ஓரத்தில் சிறு குமிழி வரும்வரை மட்டும் சூடாக்குங்கள். கொதிக்கவிட்டால் திரிந்துவிடலாம். அதைச் சாக்லேட்டின்மேல் ஊற்றி, மூன்று நிமிடம் தொடாமல் விட்டு, நடுவிலிருந்து ஓரம் நோக்கி மெல்லக் கலக்குங்கள். ஒரு தேக்கரண்டி வெண்ணெய் சேர்த்தால் பளபளப்பு வரும். எண்ணெய் பிரிந்து தெரிந்தால் ஒரு மேசைக்கரண்டி வெதுவெதுப்பான பாலை ஊற்றிக் கலக்குங்கள், சேர்ந்துவிடும். ஒன்றிரண்டு மணி நேரம் ஆறிப் பூசும் பதம் வந்ததும் பூசுங்கள்.

எந்தப் பூச்சானாலும் மேற்பக்கம் மட்டும் போதும். பக்கங்களில் பூசாமல் விட்டால் பூச்சும் மிச்சம், சர்க்கரையும் குறைவு.

எங்கே தவறுகிறது?

நடுவில் குழி விழுந்தால்: வேகும்முன் கதவைத் திறந்திருப்போம், அல்லது பாதி வெந்த நிலையில் இறக்கியிருப்போம், அல்லது சோடா கூடியிருக்கும்.

மேலே மலை போல எழும்பி வெடித்தால்: சூடு அதிகம். சிறிய அவன்கள் காட்டும் சூடும் உண்மைச் சூடும் ஒன்றாக இருப்பதில்லை. அடுத்த முறை 10 டிகிரி குறைத்து வையுங்கள்.

அடியில் களி போல ஒரு அடுக்கு இருந்தால்: கேரட்டை அரைத்துவிட்டிருப்போம், அல்லது துருவி வெகுநேரம் வைத்திருப்போம், வேக்காடும் குறைந்திருக்கும்.

காய்ந்து உதிர்ந்தால்: மைதா கூடியிருக்கும், அல்லது ஐந்து நிமிடம் அதிகம் வெந்திருக்கும். இதைத் தூக்கிப் போட வேண்டாம். கால் கப் பாலில் ஒரு மேசைக்கரண்டி சர்க்கரையைக் கரைத்து, சூடான கேக்கில் ஊசியால் குத்தி மேலே தெளித்துவிடுங்கள். மறுநாள் நன்றாக இருக்கும். குழி விழுந்ததில் அந்தக் குழியைக் கனாஷால் நிரப்பிவிடலாம். நடுவில் வேகாத மாவு இருந்தால் மட்டும் அதைச் சாப்பிடக் கொடுக்காதீர்கள், மறுபடி வேகவையுங்கள்.

கேரட் இருக்கிறது என்று ஏமாற வேண்டாம்

கேரட் சேர்த்ததால் இது சத்துணவு ஆகிவிடாது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். கேக்கில் சர்க்கரை 200 கிராம், க்ரீம் சீஸ் பூச்சில் 80 கிராம், ஆக 280 கிராம். 16 துண்டு போட்டால் ஒரு துண்டில் 17 கிராமுக்கும் மேல். நாலு தேக்கரண்டிக்கு மேல் சர்க்கரை. நாம் சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை ஒரு நாளைக்கு 50 கிராமுக்குள் இருக்க வேண்டும், 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்பது பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. எட்டுத் துண்டாக வெட்டினால் ஒரே துண்டில் 35 கிராம் போய்விடும். டீயின் சர்க்கரை அதற்கு மேல்.

நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் எதுவானாலும் இரத்தத்தில் சர்க்கரை ஏறத்தான் செய்யும். 'கருப்பட்டி போட்டதுதான், சாப்பிடுங்கள் வாப்பா' என்று நீரிழிவு உள்ள பெரியவர்களை வற்புறுத்துவது அன்பு அல்ல. இனிப்பைக் குறைக்கச் சரியான வழி, மேற்பூச்சை விட்டுவிட்டுச் சிறு துண்டாக வெட்டுவது. பூச்சு இல்லாமலே சாப்பிடக்கூடிய கேக் இது. நீரிழிவு உள்ளவர்கள் எவ்வளவு சாப்பிடலாம் என்பதை அவர்களுடைய மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வைத்திருப்பதும் விற்பதும்

இந்தக் கேக் செய்த அன்றைவிட மறுநாள் நன்றாக இருக்கும். ஈரம் எல்லா இடத்திலும் பரவி, கோக்கோவின் மணமும் கூடும். பெருநாளுக்கு என்றால் முந்தின நாளே செய்து வைத்துவிடலாம். காலை வேலைப் பளு குறையும். பூசாத கேக்கை நன்றாக ஆறிய பிறகு இறுக மூடி ஒரு நாள் வெளியே வைக்கலாம். அதிக வெயில் காலத்தில் ஃப்ரிட்ஜில் வைப்பதே நல்லது. க்ரீம் சீஸோ க்ரீமோ பூசியதை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே விடக் கூடாது. ஃப்ரிட்ஜில் மூன்று நாள் இருக்கும். பரிமாறுவதற்கு அரை மணி நேரம் முன்பு வெளியே எடுத்து வைத்தால் போதும். எண்ணெய்க் கேக் என்பதால் உடனே மிருதுவாகிவிடும்.

கை பழகியவர்கள் விற்கவும் செய்யலாம். ஆனால் தெரிந்தவர்களிடம்தானே விற்கிறோம் என்று அலட்சியம் வேண்டாம். வீட்டிலிருந்து உணவு விற்பவர்களும் 2006-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பதிவு செய்துகொள்ள வேண்டும். சிறிய அளவில் செய்பவர்களுக்கு இது இணையத்திலேயே முடியும் எளிய பதிவுதான். மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்திலும் விவரம் கேட்கலாம். விலை போடும்போது பொருள்களின் விலையை மட்டும் கூட்டாதீர்கள். கேஸ், பெட்டி, கொண்டு போய்க் கொடுக்கும் செலவு, உங்கள் இரண்டு மணி நேர உழைப்பு எல்லாவற்றையும் எழுதிக் கூட்டுங்கள். சொந்தக்காரர்கள் என்று கூச்சப்பட்டு அடக்க விலைக்கே கொடுத்து, மூன்றாம் மாதத்தில் அலுத்து விட்டுவிடும் பெண்கள் பலர். பெட்டியின்மேல் என்னென்ன சேர்த்தது, எந்தத் தேதியில் செய்தது, முட்டையும் முந்திரியும் உண்டா இல்லையா என்று எழுதி ஒட்டுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று நாம் கடைக்காரரிடம் எதிர்பார்க்கும் தெளிவை நம்மிடம் வாங்குபவரும் எதிர்பார்ப்பார்.

முதல் கேக்கை வீட்டுக்காகச் செய்யுங்கள். எடையைக் குறித்துக்கொள்ளுங்கள், வெந்த நேரத்தையும் எழுதி வையுங்கள். உங்கள் அடுப்புக்கு எத்தனை நிமிடம் என்பது அந்தத் தாளில் இருக்கும். இரண்டாவது கேக்குக்கு அந்தத் தாள் போதும், இன்ஷா அல்லாஹ். 16 துண்டில் வீட்டுக்குப் பாதி போனாலும், பக்கத்து வீடு இரண்டுக்குக் கொடுத்தனுப்ப எட்டு மிச்சம் இருக்கும்.